புது ஊசி மட்டும் போதுமா? ஊசிய விடுங்க, கைய பாருங்க

"முதல் டாட்டூ போட போறேன், ஊசிய நம்ம கண்ணு முன்னாடி கவர்லேர்ந்து பிரிச்சா போதும் வேற எதுக்கும் பயப்படாதன்னு ஃப்ரெண்ட் சொல்றான், நிஜமா அது போதுமா, எச்ஐவி வர சான்ஸ் இருக்கா, போட்ட அப்புறம் ரத்தம் குடுக்கலாமா"ன்னு கேட்டிருந்தீங்க. கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க. நான் 11 வருஷமா மெஷின் புடிக்கிறேன், அதுல பாதி நாள் புதுசா கத்துக்க வர்ற பசங்களுக்கு இந்த சுத்தத்த பத்திதான் பாடம் எடுத்திருக்கேன், அதனால இதுக்கு "ஆமா போதும்"னு ஒரு வரில பதில் போட்டுட்டு போக எனக்கு மனசு வரல.

புது ஊசி கட்டாயம் வேணும், அதுல பேச்சே இல்ல. ஆனா நான் பாத்த வரைக்கும் ஊசி விஷயத்துல ஏமாத்துறவங்க இப்ப கம்மி, ஏன்னா எல்லாரும் அதைத்தான் பாக்குறாங்கன்னு அவங்களுக்கே தெரியும். தப்பு நடக்குறது வேற எடத்துல. ஊசி புடிச்ச கை அடுத்து எதை தொடுது, அங்கேர்ந்து திரும்ப எங்க வருது, இதுலதான் மொத்த விஷயமும் இருக்கு.

முதல்ல தோலுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கோங்க. மேல் தோல் உதிர்ந்துகிட்டே இருக்கும், அங்க இங்க் வெச்சா சில வாரத்துல போயிடும், அதனால ஊசி அதையும் தாண்டி 1 லேர்ந்து 2 மில்லிமீட்டர் ஆழத்துல, ரத்தக்குழாய் எல்லாம் ஓடுற உள் தோலுக்கு போகுது. அங்க போன இங்க்க நம்ம உடம்போட எதிர்ப்பு செல்லுங்க, மேக்ரோஃபேஜ்னு பேரு, ஏதோ வேண்டாத பொருள் வந்துருச்சுன்னு முழுங்கி வெச்சுக்கும், அந்த செல் செத்தா அதோட இங்க்க பக்கத்துல வர்ற புது செல் முழுங்கிக்கும்னு 2018ல எலிகள வெச்சு பண்ண ஆராய்ச்சில காட்டினாங்க, டாட்டூ அழியாம நிக்கிறதே இப்படித்தான். ஆக மெஷின் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்குல ஓட்ட போடுது, அத்தனை ஓட்டையும் வெளிய இருக்கிற எதுக்கும் திறந்து விட்ட கதவு மாதிரி, இங்க்கோட கூட என்ன வந்தாலும் அதுவும் உள்ள போயிடும். உள்ளங்கை அளவு டாட்டூன்னா உள்ளங்கை அளவுக்கு தோல் சிராய்ச்ச காயம்னே நெனைச்சுக்கோங்க.

இப்ப அந்த கை விஷயம். நான் கத்துக்கிட்ட நாட்கள்ல எங்க மாஸ்டர் ஒரு நாள் எங்கள உக்கார வெச்சு பயிற்சி தோல்ல ஒரு சின்ன இலை போட சொன்னாரு. அதுக்கு முன்னாடி அந்த ரப்பர் தோல் மேல ஏதோ பவுடர் தடவி வெச்சிருந்தாரு, பாத்தா ஒண்ணுமே தெரியல. நான் பெட் ஷீட் விரிச்சு, க்ளவுஸ் போட்டு, மெஷினுக்கு கவர் போட்டு, ரொம்ப நீட்டா பண்ணோம்னு பெருமையா முடிச்சேன், ஒரு இருபது நிமிஷ வேலை. அப்புறம் லைட்ட அணைச்சுட்டு புற ஊதா விளக்க போட்டாரு பாருங்க. அந்த பவுடர் அந்த வெளிச்சத்துல மட்டும் மின்னுற பவுடராம். ரப்பர் தோல் மின்னுச்சு, சரி. க்ளவுஸ் மின்னுச்சு, அதுவும் சரி. ஸ்ப்ரே பாட்டில் கழுத்துல மூணு விரல் தடம். தலைக்கு மேல இருந்த லைட்ட ஒரே ஒரு தடவை திருப்பினேன், அதோட கைப்பிடில தடம். இங்க் பாட்டில் மூடி. பேப்பர் டவல் ரோல்ல, நான் கிழிச்ச எடத்துக்கு அடுத்து இருக்கிற சுத்தமான ஷீட்டு மேல. நாற்காலிய உயரம் ஏத்துற லீவர். கண்ணாடி நழுவுதுன்னு எப்ப மேல தள்ளினேன்னே தெரியல, என் மூக்குக்கு பக்கத்துல ஒரு பொட்டு. மாஸ்டர் திட்டவே இல்ல, "இந்த ரோல்லேர்ந்து அடுத்த ஷீட்ட கிழிச்சு அடுத்த ஆளோட ரத்தத்த தொடைப்ப, அந்த ஷீட்டுல முதல் ஆள் இருப்பான், ஊசி ரெண்டு பேருக்கும் புதுசுதான்"னு மட்டும் சொன்னாரு. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல. இன்னைக்கு வரைக்கும் க்ளவுஸ் போட்ட கைய நீட்டும்போதெல்லாம் அந்த நீல வெளிச்சம் கண்ணுக்குள்ள வந்துட்டு போகும்.

அதனால நீங்க கடைக்கு போனா ஊசி பிரிக்கிறத ஒரு தடவை பாருங்க, அப்புறம் முழு நேரமும் கைய பாருங்க, கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுட்டு பாருங்க. வேலை நடுவுல ஃபோன் அடிக்குது, அவரு அதே க்ளவுஸோட எடுக்குறாரா? அப்படி எடுத்தா அந்த ஃபோன்ல இருக்கிறது உங்க காயத்துக்கு வருது, உங்க ரத்தம் அந்த ஃபோனுக்கு போகுது. பாட்டு மாத்துறது, கதவ திறக்குறது, டிராயர்லேர்ந்து இன்னொரு ஊசி எடுக்குறது, முடிய ஒதுக்குறது எல்லாமே இதே கணக்குதான். நல்ல ஆர்ட்டிஸ்ட் க்ளவுஸ கழட்டி, கை கழுவியோ சானிடைசர் தடவியோ அந்த வேலைய முடிச்சுட்டு, திரும்ப கைய சுத்தம் பண்ணி புது க்ளவுஸ் போடுவாரு. ஒரு மூணு மணி நேர வேலைல எனக்கு நாலஞ்சு ஜோடி சாதாரணமா போயிடும். க்ளவுஸ் மேலயே சானிடைசர் தடவிட்டு தொடர்றவங்களும் இருக்காங்க, அது செல்லாது, க்ளவுஸ்ல கண்ணுக்கு தெரியாத ஓட்டை இருக்கலாம், ஆல்கஹால் பட பட அது இன்னும் மோசமாகும். அதே காரணத்தாலதான் க்ளவுஸ் போட்டாலும் கை கழுவுறது கட்டாயம். இன்னொண்ணு, லேடெக்ஸ் க்ளவுஸ் வாஸ்லின் பட்டா இளகிடும், எங்க வேலைல வாஸ்லின் இல்லாம ஆகாது, சில பேருக்கு லேடெக்ஸ் அலர்ஜி வேற உண்டு, அதனால நைட்ரைல்னு செயற்கை ரப்பர்ல பண்ண க்ளவுஸ்தான் சரி.

நல்ல ஆர்ட்டிஸ்ட்ட பாத்தீங்கன்னா ஒரு விஷயம் தெரியும், வேலை ஆரம்பிக்கிற முன்னாடியே எல்லாத்தையும் வெளிய எடுத்து வெச்சிருவாரு. எத்தனை கலர் வேணுமோ அத்தனையும் சின்ன இங்க் கப்புல ஊத்தி, டவல தேவையான அளவு கிழிச்சு தனியா அடுக்கி, வாஸ்லின மரக்குச்சியால எடுத்து ட்ரேல ஒரு ஓரமா தடவி, மெஷின், ஒயர், ஸ்ப்ரே பாட்டில், லைட் கைப்பிடி எல்லாத்துக்கும் பிளாஸ்டிக் கவர் போட்டு, அதுக்கு அப்புறம்தான் உங்க தோல தொடுவாரு. ஆரம்பிச்ச அப்புறம் எந்த டிராயருக்கும் எந்த பாட்டிலுக்கும் கை போகாது. சமையலுக்கு எல்லாம் நறுக்கி வெச்சுட்டு அடுப்பு பத்த வெக்கிற மாதிரின்னு பசங்களுக்கு சொல்லுவேன். முன்கூட்டியே எடுத்து வெக்காதவர் நடுவுல எதையாவது தேடித்தான் ஆகணும், தேடினா கை வெளிய போயிடும். இந்த தப்ப நானும் பண்ணிருக்கேன், என் ரெண்டாவது வருஷத்துல கருப்பு பத்தாம போயி ரத்தம் பட்ட க்ளவுஸோட இங்க் பாட்டில புடிச்சுட்டேன், புது பாட்டில், மனசே இல்லாம மொத்தமா தூக்கி போட்டேன். அதை வெச்சிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது, அதுதான் இந்த தொழில்ல பயமே, யாருக்கும் தெரியாது.

கப்புல மீந்த இங்க்க திரும்ப பாட்டில்ல ஊத்துறவங்கள பாத்தா அப்பவே எழுந்து வந்துருங்க, கூச்சமே படாதீங்க. அதே மாதிரி வாஸ்லின் டப்பால நேரா விரல விடுறது, ஷேவ் பண்ற ரேசர ரெண்டாவது ஆளுக்கு யூஸ் பண்றது, ஸ்டென்சில், அதாவது டிசைன தோல்ல பதிக்கிற தாள், அதை ஒட்ட டியோடரண்ட் ஸ்டிக்க நேரா தோல்ல தேய்க்கிறது (இது இன்னும் நடக்குது, அந்த ஸ்டிக் எத்தனை பேர் தோல்ல ஏறி இறங்கினதோ யாருக்கு தெரியும்). ரேசர் சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா அது தோல கண்ணுக்கு தெரியாம கீறும், ரத்தம் படும். தயவு செஞ்சு நீங்களும் முந்தின நாள் வீட்ல ஷேவ் பண்ணிட்டு போகாதீங்க, அந்த கீறல்ல ராத்திரி முழுக்க கிருமி குடியேறும், அங்க போயே புது ரேசர்ல பண்ணிக்கோங்க.

ஊசி பத்தியும் ஒரு வார்த்தை சொல்லிடறேன். இப்ப பெரும்பாலும் கார்ட்ரிட்ஜ் ஊசிதான், ஊசி ஒரு சின்ன பிளாஸ்டிக் கூட்டுக்குள்ளயே இருக்கும், தனித்தனி கவர்ல வரும், எத்திலீன் ஆக்சைடு வாயுல ஸ்டெரிலைஸ் பண்ணிருப்பாங்க, அதாவது கிருமி மொத்தத்தையும் கொன்னிருப்பாங்க, கவர் மேல லாட் நம்பர், காலாவதி தேதி, கலர் மாறுற ஒரு பொட்டு இருக்கும். கவர் கிழிஞ்சிருந்தாலோ ஈரம் பட்டிருந்தாலோ தேதி தாண்டியிருந்தாலோ அது ஸ்டெரைல் கெடையாது. ஆனா உண்மையா கேக்க வேண்டியது, அந்த கார்ட்ரிட்ஜுக்குள்ள மெம்ப்ரேன் இருக்கான்னு. ஊசி முன்ன பின்ன போகும்போது இங்க்கும் ரத்தமும் கலந்து பின்னாடி மெஷினுக்குள்ள உறிஞ்சப்படாம தடுக்கிற சின்ன ரப்பர் தடுப்பு அது. மலிவான கார்ட்ரிட்ஜ் சிலதுல அது இருக்காது, அப்ப உங்களுக்கு புது ஊசி போட்டாலும் மெஷின கைல புடிக்கிற கிரிப்புக்குள்ள, உங்களுக்கு முன்னாடி போட்டுக்கிட்டவரோட ரத்தம் காஞ்சு உக்காந்திருக்கலாம். "மெம்ப்ரேன் இருக்கிற கார்ட்ரிட்ஜா"ன்னு நீங்க கேட்டா ஆர்ட்டிஸ்ட் நிமிர்ந்து பாப்பாரு, விஷயம் தெரிஞ்சவர்னா சந்தோஷமா காட்டுவாரு.

ஸ்டீல் கிரிப், ஸ்டீல் ட்யூப் யூஸ் பண்ற எடம்னா அங்க ஆட்டோகிளேவ், அதாவது அழுத்தத்துல நீராவி விட்டு கிருமிய கொல்ற மெஷின் இருக்கணும். சும்மா இருந்தா பத்தாது. அந்த கிரிப்பையும் ட்யூப்பையும் முதல்ல பிரஷ் போட்டு தேய்ச்சு, ஒலி அலையால அழுக்க உதிர்க்கிற அல்ட்ராசோனிக் தொட்டில போட்டு, ஒட்டியிருக்கிற இங்க்கும் ரத்தமும் துளி கூட இல்லாம எடுக்கணும், அழுக்கு மேல நீராவி வேலை செய்யாது. அப்புறம் பவுச்சுல போட்டு சீல் பண்ணி, 121 டிகிரில குறைஞ்சது 15 நிமிஷம், இல்ல 134 டிகிரில 3 நிமிஷம், அதுவும் அந்த சூடு வந்த அப்புறம் எண்ணணும், ஸ்விட்ச் போட்ட நேரத்துலேர்ந்து எண்ணக்கூடாது. உள்ள குழாயா இருக்கிற ட்யூப்புக்கு காத்த முதல்ல வெளிய உறிஞ்சிட்டு நீராவி விடுற மெஷின்தான் நம்பகமானது, இல்லன்னா குழாய்க்குள்ள காத்து மாட்டிக்கிட்டு அங்க சூடே போகாது. பவுச்சுல கலர் மாறிருச்சேன்னு காட்டுவாங்க, பெரும்பாலான பவுச்சுல அந்த கலர் சூடும் நீராவியும் பட்டிருக்குங்கிறத மட்டும்தான் சொல்லும், கிருமி செத்துச்சான்னு சொல்லாது. அதுக்கு ஸ்போர் டெஸ்ட்னு ஒண்ணு, ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ்னு சூட்டுக்கு சுலபத்துல சாகாத ஒரு பாக்டீரியாவோட வித்துக்கள உள்ள வெச்சு ஓட்டி, அப்புறம் அது வளருதான்னு பாப்பாங்க. வளரலைன்னா மெஷின் சரி. அந்த டெஸ்ட் ரெஜிஸ்டர ஒரு கடைல கேட்டு அவங்க எடுத்து காட்டினா, அந்த கடை மேல எனக்கு பாதி நம்பிக்கை வந்துரும். கொதிக்கிற தண்ணி, ஸ்பிரிட்ல ஊற வெக்கிறது, நீல லைட் எரியிற யூவி டப்பா, இது எதுவும் ஸ்டெரிலைசேஷன் கெடையாது. யூவி டப்பால வெளிச்சம் படாத மடிப்புல எதுவுமே சாகாது.

பெட், ட்ரே இதெல்லாம் தொடைக்கிறதுலயும் ஒரு பெரிய தப்பு நடக்குது. ஸ்ப்ரே அடிச்ச உடனே துணியால தொடைச்சுடுறாங்க. ஒவ்வொரு மருந்துக்கும் அது ஈரமாவே இருக்க வேண்டிய நேரம்னு ஒண்ணு இருக்கு, லேபிள்ல போட்டிருக்கும், சிலதுக்கு ஒரு நிமிஷம், சிலதுக்கு 10 நிமிஷம். அதுக்குள்ள தொடைச்சா வாசனை மட்டும்தான் மிச்சம். ரத்தம் இருந்தா முதல்ல சோப்பு போட்டு எடுத்துட்டு அப்புறம்தான் மருந்து. பிளீச்னா 1 பங்குக்கு 9 பங்கு தண்ணி, அன்னன்னைக்கு கலக்கினதா இருக்கணும், நேத்து கலக்கினதுக்கு வீரியம் போயிருக்கும். ஆல்கஹால் அதிகமா இருந்தா நல்லதுன்னு 99 சதவீதம் வாங்குறாங்க, நிஜத்துல 70 சதவீதம்தான் நல்லா கொல்லும், கிருமியோட புரதத்த கெடுக்க கொஞ்சம் தண்ணியும் வேணும், சுத்த ஆல்கஹால் அது வேலை செய்யிற முன்னாடியே ஆவியாயிடும்.

இதுக்கெல்லாம் ஏன் இவ்ளோன்னு கேக்கலாம். ஈரல தாக்குற ஹெபடைட்டிஸ் பி வைரஸ் காஞ்ச ரத்தத்துல, வெளிய, குறைஞ்சது 7 நாள் உயிரோட இருக்கும். ஹெபடைட்டிஸ் சி ஆய்வகத்துல 6 வாரம் வரைக்கும் தாக்கு புடிச்சிருக்கு. தொற்று வர கண்ணுக்கு தெரியிற அளவு ரத்தம் கூட வேண்டாம்.

இங்கதான் உங்க எச்ஐவி கேள்வி வருது. எல்லாரும் பயப்படுறது எச்ஐவிக்குத்தான், ஆனா அது வெளிய வந்தா சீக்கிரம் பலமிழந்துடும். ஆஸ்பத்திரில நர்ஸ்களுக்கு தவறி நோயாளியோட ஊசி குத்திட்டா தொற்று வர்ற வாய்ப்பு எச்ஐவிக்கு சுமார் 0.3 சதவீதம், ஹெபடைட்டிஸ் சிக்கு 1.8, தடுப்பூசி போடாதவங்களுக்கு ஹெபடைட்டிஸ் பின்னா 6 லேர்ந்து 30 சதவீதம்னு ரொம்ப காலமா சொல்ற கணக்கு இருக்கு. டாட்டூ ஊசி ஆஸ்பத்திரி ஊசி மாதிரி நடுவுல குழாய் இருக்கிறது இல்ல, அதனால இந்த எண்ண அப்படியே இங்க எடுத்துக்க முடியாது, ஆனா எது பெரிய ஆபத்து எது சின்னதுங்கிற வரிசை புரியும். அமெரிக்காவுல டாட்டூ மூலமா எச்ஐவி வந்ததா ஒரு கேஸ் கூட பதிவாகலன்னு அந்த நாட்டு அரசு நோய் தடுப்பு மையம் சிடிசி சொல்லுது. ஹெபடைட்டிஸ் கதை வேற, நியூயார்க் நகரம் 1961ல ஹெபடைட்டிஸ் பி பரவுதுன்னு டாட்டூவையே தடை பண்ணிருச்சு, அந்த தடைய 1997லதான் எடுத்தாங்க. ஹெபடைட்டிஸ் சியும் முறையான ஸ்டூடியோவுல போட்டவங்கள விட ஜெயில்லயும் வீட்டு ரூம்லயும் போட்டுக்கிட்டவங்ககிட்டதான் அதிகமா தெரியுது.

அதனால என் முதல் அறிவுரை டாட்டூ தேதி குறிக்கிற முன்னாடி ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கீங்களான்னு பாருங்க. வழக்கமா 6 மாசத்துல 3 டோஸ். ஆர்ட்டிஸ்டா இருக்கிறவங்க போட்டுட்டு, எதிர்ப்பு சக்தி வந்திருக்கான்னு ரத்த டெஸ்டும் எடுக்கணும், எங்ககிட்ட கத்துக்க வர்ற பசங்க இதை முடிக்காம மனுஷ தோல தொட விடறதில்ல. ஹெபடைட்டிஸ் சிக்கு தடுப்பூசி இல்ல, ஆனா இப்ப மாத்திரைலயே 8 லேர்ந்து 12 வாரத்துல 95 சதவீதத்துக்கு மேல குணமாகுது, அதனால டெஸ்ட் எடுக்க பயப்படாதீங்க.

இந்த எடத்துல ஒண்ணு மனசு விட்டு சொல்லணும். எச்ஐவியோ ஹெபடைட்டிஸோ இருக்குன்னு சொல்ற கஸ்டமர வேண்டாம்னு திருப்பி அனுப்புற ஆர்ட்டிஸ்ட்ங்க இருக்காங்க, எனக்கு அது ரொம்ப வருத்தம். சொல்றவர் ஒருத்தர், தெரியாமலே வெச்சிருக்கிறவங்க எத்தனை பேரோ. எல்லாரோட ரத்தத்துலயும் கிருமி இருக்குன்னு நெனைச்சு எல்லாருக்கும் ஒரே மாதிரி சுத்தமா வேலை செய்யிறதுதான் முறை. சொன்னவருக்கு மட்டும் ரெட்டை க்ளவுஸ் போடுற ஆள், சொல்லாதவங்களுக்கு என்ன பண்ணிட்டிருந்தாரு?

வைரஸ் பத்தி இவ்ளோ பேசினாலும் நடைமுறைல அதிகமா வர்றது பாக்டீரியாதான், அதுவும் பெரும்பாலும் நம்ம தோல்லயே மூக்குலயே இருக்கிற ஸ்டாஃபிலோகாக்கஸ்ங்கிற பாக்டீரியா. 2004, 2005 சமயத்துல அமெரிக்காவுல ஒஹாயோ, கென்டகி, வெர்மான்ட் மாநிலங்கள்ல லைசென்ஸ் இல்லாம டாட்டூ போட்ட 13 பேர்கிட்ட போட்டுக்கிட்டவங்கள்ல 44 பேருக்கு, சாதாரண ஆன்டிபயாடிக்குக்கு மசியாத எம்ஆர்எஸ்ஏ தொற்று வந்துச்சு. விசாரிச்சா கிட்டார் கம்பிய ஊசியாவும், கம்ப்யூட்டர் பிரிண்டர் இங்க்க கலராவும் யூஸ் பண்ணிருக்காங்க. வீட்டுக்கே வந்து போட்டுத் தரேன்னு யாராவது சொன்னா எனக்கு இந்த கிட்டார் கம்பிதான் ஞாபகம் வரும்.

ஆனா என்னை ரொம்ப உலுக்கினது இங்க் கதை. 2011 கடைசிலேர்ந்து 2012க்குள்ள நியூயார்க் மாநிலத்து ரோசெஸ்டர்ல 19 பேருக்கு டாட்டூ போட்ட எடத்துல சிவப்பா பொரிப்பொரியா கொப்புளம், எல்லாம் ஷேடிங் பண்ண சாம்பல் கலர்ல மட்டும். அந்த ஆர்ட்டிஸ்ட் மேல தப்பு இல்ல, கம்பெனில கருப்ப தண்ணி கலந்து ரெடிமேடா வித்த கிரே இங்க்லயே மைக்கோபாக்டீரியம் கெலோனேன்னு ஒரு கிருமி, திறக்காத பாட்டில்லயும் இருந்துச்சு. கலந்தது காய்ச்சி வடிச்ச தண்ணி. நாங்க எல்லாருமே அது சுத்தம்னுதான் நம்பிட்டிருந்தோம், ஆனா டிஸ்டில்டுன்னா உப்பு இல்லன்னுதான் அர்த்தம், கிருமி இல்லன்னு அர்த்தமே இல்ல. 2024ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல 14 கம்பெனியோட 75 இங்க் சாம்பிள பாத்ததுல 26ல பாக்டீரியா இருந்துச்சு, ஸ்டெரைல்னு லேபிள் போட்டதும் அதுல அடக்கம். அதனால இங்க் பாட்டில்ல லாட் நம்பர், திறந்த தேதி குறிச்சிருக்காங்களா, லைட் ஷேடுக்கு இங்க்ல கலக்குற தண்ணி ஸ்டெரைல் வாட்டரான்னு ரெண்டு கேள்வி கேளுங்க. குழாய் தண்ணின்னா முடியாதுன்னு சொல்லிடுங்க. உங்களுக்கு போட்ட இங்க்கோட பாட்டில ஒரு ஃபோட்டோ எடுத்துக்கறதும் நல்லது, பின்னாடி ஏதாவது ஆனா டாக்டருக்கு ரொம்ப உதவும்.

உங்க பக்கம் சொல்ல வேண்டியதும் இருக்கு. சர்க்கரை, ஈரல் பிரச்சனை, இதய வால்வு கோளாறு, எதிர்ப்பு சக்திய குறைக்கிற மாத்திரை, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, தழும்பு தடிச்சு வளர்ற உடம்பு, இதுல எது இருந்தாலும் முதல்ல உங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்க, ஆர்ட்டிஸ்ட்கிட்டயும் மறைக்காதீங்க. காய்ச்சலோட, வெயில்ல கன்றிப்போன தோலோட, அந்த எடத்துல பருவோட வராதீங்க, தேதிய தள்ளி போடுறதுல ஒண்ணும் குறைஞ்சு போயிடாது.

போட்டு முடிச்ச அப்புறம் காயம் உங்க கைல. தொடுற முன்னாடி ஒவ்வொரு தடவையும் கை கழுவுங்க, மத்தவங்க ஆசையா தடவி பாக்க வந்தா தள்ளி நின்னு பாக்க சொல்லுங்க. சாதாரண பிளாஸ்டிக் ராப் சுத்தியிருந்தா சில மணி நேரத்துல எடுத்துடணும், உள்ள வேர்த்து ஈரத்துல கிருமி பெருகும். காத்து போற மாதிரி ஒட்டுற மெடிக்கல் ஃபிலிம்னா ஆர்ட்டிஸ்ட் சொன்ன நாள் வரைக்கும் வெக்கலாம், ஆனா ஓரம் பிரிஞ்சா திரும்ப அமுக்கி ஒட்டாதீங்க, எடுத்துடுங்க. வாசனை இல்லாத மைல்டு சோப்பு, ஓடுற தண்ணி, ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை, சுத்தமான பேப்பர் டவல்ல ஒத்தி எடுத்துட்டு ஆயின்மென்ட் மெல்லிசா. அப்பி வெச்சீங்கன்னா காயம் மூச்சு முட்டும். பொருக்க பிய்க்காதீங்க. வீட்ல நாய் பூனை இருந்தா அதுங்க ஏறாத படுக்கைல படுங்க.

குளம், கடல், நீச்சல் குளம் எல்லாம் ஆறுற வரைக்கும் வேண்டாம், குறைஞ்சது 2 லேர்ந்து 4 வாரம். இதை நான் சொன்னா சிரிக்கிறாங்க, அதனால 2017ல மருத்துவ பத்திரிகைல வந்த ஒரு கேஸ சொல்லுவேன். 31 வயசு ஆள், டாட்டூ போட்டு 5 நாள்ல மெக்சிகோ வளைகுடா கடல்ல குளிச்சாரு, ஏற்கனவே ஈரல் கெட்டிருந்துச்சு, விப்ரியோ வல்னிஃபிகஸ்னு கடல் தண்ணில இருக்கிற பாக்டீரியா உள்ள போயி, ரெண்டு மாசம் போராடியும் காப்பாத்த முடியல.

எது சாதாரணம், எது இல்லன்னு கேப்பீங்க. முதல் ரெண்டு மூணு நாள் சிவப்பு, லேசான வீக்கம், இங்க் கலந்த தண்ணி கசியிறது எல்லாம் இயல்பு, நாளுக்கு நாள் குறையணும். மூணாவது நாளுக்கு அப்புறம் சிவப்பு பரவுது, வலி கூடுது, தொட்டா சுடுது, சீழ் வருதுன்னா டாக்டர பாருங்க. காய்ச்சல், குளிர், அந்த எடத்துலேர்ந்து சிவப்பா கோடு மேல ஏறுறது, இது வந்தா காலைல பாத்துக்கலாம்னு படுக்கவே கூடாது, உடனே ஆஸ்பத்திரி. மெடிக்கல் ஷாப்ல ஏதோ ஆன்டிபயாடிக் வாங்கி ரெண்டு நாள் முழுங்கிட்டு நிறுத்துறது நெலமைய இன்னும் மோசமாக்கும். அந்த மைக்கோபாக்டீரியம் மாதிரி கிருமி உடனே வராது, டாட்டூ ஆறின மாதிரி தெரிஞ்சு ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு, சில சமயம் இன்னும் தள்ளி, ஒரே கலர் இருக்கிற எடத்துல மட்டும் சின்ன சின்னதா கெட்டியா தடிக்கும். அலர்ஜின்னு நெனைச்சு க்ரீம் போட்டு விட்டுடுவாங்க. டாக்டர்கிட்ட "டாட்டூ போட்டு இத்தனை வாரம், இந்த கலர்ல மட்டும்"னு நீங்களே எடுத்து சொல்லுங்க, கிருமிய வளர்த்து பாக்குற சாதாரண கல்ச்சர் டெஸ்ட்ல அது மாட்டாம போகலாம். சிவப்பு இங்க்ல மட்டும் மாசக்கணக்கா அரிப்புன்னா அது நிஜமாவே அலர்ஜியா இருக்கலாம், தோல் டாக்டர்தான் பிரிச்சு சொல்லணும்.

ஏற்கனவே யூஸ் பண்ண ஊசிய உங்களுக்கு போட்டுட்டாங்கன்னு சந்தேகமா இருந்தா வீட்ல உக்காந்து கவலைப்பட்டுட்டு இருக்காதீங்க. எச்ஐவி தடுப்பு மாத்திரைய 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது, ஹெபடைட்டிஸ் பிக்கும் முதல் 24 மணி நேரத்துல தடுப்பூசி போட்டா பலன் அதிகம். அன்னைக்கே எடுக்கிற டெஸ்ட் நெகட்டிவ்னு வரும், அது பழைய நிலவரம்தான், ஆய்வகத்துல ரத்தம் எடுத்து பண்ற எச்ஐவி டெஸ்ட் 45 நாள் கழிச்சு எடுத்தாதான் உறுதி, ஹெபடைட்டிஸுக்கு எப்பன்னு டாக்டர் சொல்லுவாரு. தவறி தன் கைல ஊசி குத்திக்கிட்ட ஆர்ட்டிஸ்டுக்கும் இதேதான், சோப்பு தண்ணில கழுவுங்க, பிதுக்காதீங்க, பிளீச் ஊத்தாதீங்க, நேரா ஆஸ்பத்திரி.

கடைசியா ரத்ததானம் கேட்டீங்க. குடுக்கலாம், உடனே இல்ல. கிருமி ரத்தத்துல நுழைஞ்சாலும் டெஸ்ட்ல தெரியாம இருக்கிற அந்த ஆரம்ப நாட்களுக்காகத்தான் காத்திருக்க சொல்றாங்க, நாட்டுக்கு நாடு 3 மாசத்துலேர்ந்து 12 மாசம் வரைக்கும் மாறும், உங்க ரத்த வங்கில கேட்டா சொல்லுவாங்க. டாட்டூ போட்ட தேதிய ஃபோன்ல குறிச்சு வெச்சுக்கோங்க, அந்த ஃபார்ம்ல கண்டிப்பா கேப்பாங்க.